நேர்முகத் தேர்வில் கண்ணைப் பார்த்துப் பேசாதவருக்கு மதிப்பெண் குறைப்பது சரியா?

பொன்னிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றுகிறேன். பாடம் நடத்துவதோடு, இறுதியாண்டு மாணவர்களை வளாக நேர்முகத் தேர்வுக்குத் தயார்படுத்தும் பொறுப்பும் என்னிடம் உள்ளது. நாங்கள் நடத்தும் மாதிரித் தேர்வின் மதிப்பீட்டுத் தாளில் பாட அறிவு, மொழித்திறன், உடை ஆகியவற்றோடு 'ஐ காண்டாக்ட்' என்றும் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண். அந்தப் பத்து மதிப்பெண்ணைப் பற்றியதுதான் என் கேள்வி.

அண்மையில் நடந்த மாதிரித் தேர்வில் ஒரு மாணவி வந்தார். மின்சுற்றுகளைப் பற்றி எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்லக்கூடியவர். ஆனால் கேள்வி வந்தவுடன் அவருடைய பார்வை மேசைக்கோ மின்விசிறிக்கோ போய்விடும். விடையை முடிக்கும் நேரத்தில்தான் நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார். அவருக்கு அந்த வரியில் இரண்டு மதிப்பெண் இடப்பட்டது. அவருக்குப் பின் வந்த மாணவர் பாதிக் கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே எங்கள் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் சளைக்காமல் பேசினார். அவருக்கு ஒன்பது. உடன் இருந்த மூத்த பேராசிரியர், கண்ணைப் பார்க்காதவரிடம் தன்னம்பிக்கை இல்லை அல்லது எதையோ மறைக்கிறார் என்று பொருள் என்றார். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் திரையில் காட்டும் பக்கங்களிலும் 'தகவல் தொடர்பில் 93 விழுக்காடு சொற்களில் இல்லை', 'பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார்' என்ற வாசகங்கள் இருக்கின்றன.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பெரியவர்கள் முன் குனிந்த தலையோடு நிற்பதே மரியாதை என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். இந்த வரியை எடுத்துவிடலாமா, அல்லது வேறு விதமாக மாற்ற வேண்டுமா? இத்துறையில் படித்தவர்கள், பணியில் இருப்பவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுசொல்

வணக்கம். நான் உரையாடல் ஆய்வில் ஈடுபட்டிருப்பவன். எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி வந்ததும் பார்வை விலகியது, விடை முடியும்போது திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மதிப்பெண் வாங்கிய அந்த மாணவி, உரையாடல் ஆய்வின் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகக் காட்டத்தக்க வகையில்தான் பார்த்திருக்கிறார். ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர், ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும் இருவரைப் படம் பிடித்து, யார் எப்போது யாரைப் பார்க்கிறார் என்று நுணுக்கமாகக் குறித்து 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நீண்ட பேச்சைத் தொடங்கும்போது பேசுபவர் பார்வையை வேறு பக்கம் திருப்புகிறார்; முடிக்கும் தறுவாயில் நிமிர்ந்து கேட்பவரைப் பார்க்கிறார். அந்தக் கடைசிப் பார்வை, பேருந்து நடத்துநரின் விசிலைப் போல, 'நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள்' என்று சொல்லிவிடுகிறது. 1978இல் ஜெஃப்ரி பீட்டி போன்றோர், எல்லா வகை உரையாடலுக்கும் இது பொருந்தாது என்று மறுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேசுபவரைவிடக் கேட்பவரே அதிகம் பார்க்கிறார் என்ற அடிப்படைச் செய்தி மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் மைக்கேல் ஆர்கைலும் அவருடைய குழுவினரும் இதை அளந்தும் பார்த்தார்கள். இருவர் பேசும்போது, கேட்பவர் ஏறத்தாழ 75 விழுக்காடு நேரம் எதிரில் இருப்பவரைப் பார்க்கிறார். பேசுபவரோ ஏறத்தாழ 40 விழுக்காடு நேரமே பார்க்கிறார். இருவர் பார்வையும் சந்திப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம்தான். இவை ஆங்கிலேயரிடம் எடுக்கப்பட்ட அளவுகள். எல்லா நாட்டுக்கும் இதே எண்கள் என்று சொல்ல முடியாது. 'கண்ணைப் பார்த்துப் பேசும் பண்பாடு' என்று நாம் எண்ணிக்கொள்ளும் இடத்திலேயே பேசுபவர் பாதி நேரத்துக்கும் குறைவாகத்தான் பார்க்கிறார் என்பதே இங்கு நமக்கு வேண்டியது. நேர்முகத் தேர்வில் மாணவர் பெரும்பாலும் பேசுபவர். பேசுபவரிடம் கேட்பவருக்குரிய பார்வையை எதிர்பார்த்து உங்கள் தாள் மதிப்பெண் இடுகிறது.

சிந்தனைக்கும் பார்வைக்கும் உள்ள உறவு இதைவிட முக்கியமானது. ஆர்தர் கிளென்பெர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்ட சோதனைகளில், கேள்வி கடினமாகக் கடினமாக மனிதர்கள் பார்வையை அதிகமாக விலக்குகிறார்கள் என்று கண்டார்கள். எதிரில் இருக்கும் காட்சியைத் தவிர்ப்பது நினைவுகூர்தலுக்கு உதவுகிறது என்பதும் தெரிய வந்தது. முகம், அதிலும் நம்மையே பார்க்கும் முகம், நம் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். கியோட்டோவில் 2016இல் நடந்த ஒரு சோதனையில், தங்களை நேராகப் பார்க்கும் முகத்தைப் பார்த்தபடியே பொருத்தமான வினைச்சொல்லைத் தேடியவர்கள், தேடல் கடினமாக இருந்த இடங்களில் தாமதித்தார்கள். ஸ்காட்லாந்தில் 2006இல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கலாம் என்று கற்றுக்கொடுத்தபோது அவர்களுடைய விடைகள் மேம்பட்டன. உங்கள் மாணவி மின்விசிறியைப் பார்த்துத்தான் ஓம் விதியை யோசித்தார் என்றால், அவர் தம் மூளைக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பார்வையை எடுக்காமல் பேசிய மாணவர் யோசிக்கவே இல்லையோ என்று எனக்கு ஓர் ஐயம் வருகிறது. அது என் குறும்பு, ஆய்வு முடிவு அல்ல.

93 விழுக்காடு என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை இணைத்துப் பெற்றது. தனித்தனிச் சொற்களைப் பல குரல்களில் கேட்கவைத்து, முகப் படங்களைக் காட்டி, சொன்னவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது உணர்ச்சியை எதைக்கொண்டு மதிப்பிடுகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. மின்மாற்றி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் மாணவருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே கிடையாது. தம் கணக்கை எல்லாத் தொடர்புக்கும் பொருத்தக்கூடாது என்று மெஹ்ராபியனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருந்தும் பயிற்சி அரங்குகளில் அந்த எண் இன்றளவும் நன்றாக விலைபோகிறது.

கூண்டோரம்

நான் விசாரணை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். 'பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார்' என்ற வாசகத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கை எங்கள் தொழிலில் மனிதர்களைச் சிறைக்கு அனுப்பும் வலிமை உடையது.

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சாட்சியின் நடத்தை பற்றித் தேவையெனக் கருதும் குறிப்புகளை நீதிபதி பதிவு செய்ய 280ஆம் பிரிவு வழி செய்திருந்தது. அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. நடத்தையைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் எதைப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல். 2006இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஒருவர் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டபோது, மற்ற எல்லா விடைகளையும்விட அதிகமாக வந்த விடை 'கண்ணைப் பார்க்கமாட்டார்' என்பதே. மதம், மொழி, கண்டம் எதுவும் இதில் குறுக்கே வரவில்லை. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, பெல்லா டிபாலோ குழுவினர் பொய்யின் அடையாளங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தார்கள். பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. பார்த்தும் கேட்டும் பொய்யைக் கண்டுபிடிக்க முயல்பவர்கள் சராசரியாக 54 விழுக்காடு இடங்களில் சரியாகச் சொல்கிறார்கள் என்பது அதே துறையின் இன்னொரு தொகுப்பாய்வு. நாணயத்தைச் சுண்டினாலும் 50 வரும்.

பொய் சொல்லத் தயாராகி வருபவருக்கும் இந்த நம்பிக்கை தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம். அவர் கவனமாகக் கண்ணைப் பார்ப்பார். உண்மை சொல்ல வந்த கிராமத்துச் சாட்சியின் நிலை வேறு. கேள்வி கேட்கும் வழக்கறிஞர் ஒரு பக்கம் நிற்கிறார்; கேட்டவரைப் பார்த்து விடை சொல்வதுதான் மனித இயல்பு. அப்படிச் சொன்னால், 'ஐயாவைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று மேடையைக் காட்டுகிறார்கள். மேடையில் இருக்கும் நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். சாட்சி எந்தக் கண்ணைத்தான் பார்ப்பார்?

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் டீன் மில்ட்ரன் என்ற நீதிபதி இதற்கு ஒரு வழி கண்டார். பழங்குடி மக்கள் பலரிடம் நேருக்கு நேர் பார்ப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதால், பார்வையைத் தவிர்ப்பதை மழுப்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நடுவர் குழுவுக்கு விசாரணைத் தொடக்கத்திலேயே அறிவுறுத்தும் வழக்கம் அது. 'மில்ட்ரன் அறிவுறுத்தல்கள்' என்றே அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். மூத்த பேராசிரியருக்கும் தேர்வு தொடங்குமுன் அப்படி ஒரு பத்தி வாசித்துக் காட்டலாம் என்று தோன்றுகிறது.

மேட்டுத்தெரு

மேலே எழுதியவர்கள் சொல்லும் ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்ற முடிவுக்கு இந்தத் திரி போய்க்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் கோயம்புத்தூரில் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். 'பெரியவர்கள் முன் குனிந்து நிற்பது மரியாதை' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் அதற்கு மரியாதை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நிலக்காரர் வாசலில் நிமிர்ந்து பார்த்தால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் என் தாத்தா குனிந்து நின்றார்; அதைப் பார்த்து என் அப்பா குனிந்தார். பெண்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது: நிமிர்ந்து பார்க்கும் பெண்ணுக்குத் திமிர் என்று ஊரே பட்டம் கட்டும். இதையெல்லாம் நம் பண்பாடு என்று ஒரே பெயரில் சுருட்டிவைத்துவிட்டு, மாணவர்களை அப்படியே விட்டுவிடுவது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. நகரத்துப் பள்ளியில் படித்தவருக்கு வீட்டிலேயே கிடைத்த பழக்கம் இது. நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் கிடைக்கும்.

நடைமுறையையும் சொல்கிறேன். எங்கள் குழுவில் இருப்பவர்கள் ஒரு தேர்வருக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. அவர்களில் யாரும் கெண்டனையோ கிளென்பெர்க்கையோ படித்தவர்கள் அல்லர். கல்லூரியின் தாளில் அந்த வரி இல்லாமல் போனாலும் நிறுவனத்தின் தாளில் இருக்கத்தான் போகிறது.

விரல்மொழி

சுருக்கமாக ஒன்று. நான் இந்தியச் சைகை மொழி பெயர்ப்பாளர். காது கேளாத தேர்வர்களுடன் நேர்முகத் தேர்வுகளுக்குச் செல்வதுண்டு. சைகை மொழியில் கேட்பவரின் கண்தான் காது. எதிரில் இருப்பவரின் கைகளை அல்ல, முகத்தையே பார்த்துக்கொண்டு, கைகளின் அசைவை ஓரப்பார்வையில் வாங்கிக்கொள்கிறார்கள். பார்வையை எடுத்துவிட்டால் பேச்சு வந்து சேராது. ஆகவே உரையாடலில் அவர்கள் அளவுக்குக் கண்ணை ஊன்றிப் பார்ப்பவர்கள் வேறு யாரும் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் நேர்முகத் தேர்வில் கேள்வியை அவர்களுக்குக் கையில் சொல்வது நான். ஆகவே அவர்கள் பார்ப்பது என்னை. குழுவினரைப் பார்க்கவில்லை என்று தாளில் மதிப்பெண் குறைந்ததை நானே கண்டிருக்கிறேன். இதில் இன்னொரு வேடிக்கை, குழுவினரும் தேர்வரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து 'இவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்?' என்று கேட்பார்கள். அதற்கு மதிப்பெண் குறைக்கத் தாளில் இடமில்லை.

பொன்னிக்கரை

அனைவருக்கும் நன்றி. மேட்டுத்தெரு ஐயா எழுதியதைப் படித்த பிறகு, 'மரியாதை' என்று நான் எளிதாக எழுதிவிட்டுப் போன சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தேன். பயிற்சியை நிறுத்தும் எண்ணம் எனக்கும் இல்லை. அப்படியானால் எதைப் பயிற்றுவிப்பது என்பதே இப்போது என் கேள்வி. எங்கள் பயிற்சியாளர் 'கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் புருவங்களுக்கு நடுவே பாருங்கள்' என்கிறார். அது சரியா? மூன்று பேர் கொண்ட குழு என்றால் யாரைப் பார்ப்பது?

மறுசொல்

உங்கள் பயிற்சியாளருடைய அந்த ஒரு குறிப்பு பயனுள்ளதுதான். பெர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியான ஆய்வில், உரையாடலின்போது எதிரில் இருப்பவர் தம் கண்ணைப் பார்க்கிறாரா வாயைப் பார்க்கிறாரா என்பதைப் பங்கேற்றவர்களால் பிரித்தறிய முடியவில்லை. முகத்தின் எந்தப் பகுதியைப் பார்த்தாலும் 'என் கண்ணைப் பார்த்துப் பேசினார்' என்றே அவர்கள் உணர்ந்தார்கள். புருவ நடுவைக் குறிவைத்து வெறிக்க வேண்டிய தேவைகூட இல்லை. முகத்தின் பக்கம் பார்வை இருந்தால் போதும். கூச்சப்படும் மாணவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது என்று நொடிக்கணக்கு சொல்லித்தருவதை நான் விரும்பமாட்டேன். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தங்களை நேராகப் பார்க்கும் முகத்தைச் சராசரியாக 3.3 நொடிவரை சங்கடமில்லாமல் பார்க்க முடிகிறது என்று தெரிந்தது. ஆனால் அது திரையில் தோன்றிய, பேசாத முகம். மாணவர் உள்ளுக்குள் நொடி எண்ணிக்கொண்டிருந்தால் மின்சுற்றை யார் நினைப்பது? சொல்லித்தர வேண்டியது அளவை அல்ல, இடத்தை. கேள்வி கேட்கப்படும்போது அதைக் கேட்கும் குழு உறுப்பினரின் முகத்தைப் பார்க்க வேண்டும். யோசிக்கும்போது பார்வை எங்கு வேண்டுமானாலும் போகலாம். விடை முடியும் இடத்தில் கேள்வி கேட்டவரிடம் பார்வை திரும்ப வேண்டும். உங்கள் மாணவி இதில் மூன்றாவதை ஏற்கெனவே செய்கிறார். மூன்று பேர் குழுவுக்கும் இதுவே போதும்; நீண்ட விடை என்றால் நடுவே மற்ற இருவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

டார்ட்மவுத் கல்லூரியில் சோஃபி வோல்ட்ஜென், தாலியா வீட்லி இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவூட்டுகிறது. பேசிக்கொள்ளும் இருவரின் கண்பாவைகள் விரிந்து சுருங்குவதை அளந்தார்கள். கவனம் ஒன்றுபடும்போது இந்த விரிவும் சுருக்கமும் ஒத்துப்போகின்றன. அந்த ஒத்திசைவு உச்சத்தில் இருக்கும்போது இருவர் பார்வையும் சந்திக்கின்றன. சந்தித்த பின் ஒத்திசைவு இறங்குகிறது. பார்வை விலகிய பின் மீண்டும் ஏறுகிறது. கண்கள் சந்திப்பதும் விலகுவதும் சேர்ந்துதான் உரையாடலை நடத்துகின்றன. விலகலுக்கு அபராதம் போட்டால் உரையாடலின் ஒரு பாதிக்கு அபராதம் போட்டதாகிறது.

பண்பாடு பற்றி மேட்டுத்தெரு சொன்னதோடு நான் உடன்படுகிறேன். 'ஆசியர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள்' என்று ஒரே கோடாகப் போடுவது எனக்கும் பிடிப்பதில்லை. வேறுபாடுகள் உண்மையிலேயே உண்டு: மெக்சிகோவின் செல்தால் மொழி பேசுவோர், கேள்வி கேட்டுப் பதில் பெறும்போதுகூட இத்தாலியர்களைவிட மிகக் குறைவாகவே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று 2009இல் ஓர் ஒப்பீடு வெளிவந்தது, நேராகப் பார்க்கும் முகத்தைப் ஃபின்லாந்தினரைவிட ஜப்பானியர்கள் அதிகக் கோபம் உள்ளதாக மதிப்பிட்டதை 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஆனால் ஒரே ஊருக்குள் யார் யாரை நிமிர்ந்து பார்க்கலாம் என்பதை நிர்ணயிப்பது பண்பாடு மட்டுமல்ல, அதிகாரமும்தான்.

இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். அது குழுவினரைப் பற்றியது. கேட்பவர்தான் அதிகம் பார்க்க வேண்டியவர் என்றேன். நேர்முகத் தேர்வில் மாணவர் விடை சொல்லும்போது கேட்பவர்கள் குழுவினர். அவர்கள் என்ன செய்கிறார்கள்? தன்விவரத் தாளைப் புரட்டுகிறார்கள், மதிப்பெண் எழுதுகிறார்கள், கைப்பேசியைப் பார்க்கிறார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸும் அவருடைய மாணவர்களும் 2000இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் தாம் ஆபத்திலிருந்து தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒரு பிரிவினருக்கு, 't' எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்துமாறு இரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தது. எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் கதைக்கு ஏற்ற முகபாவம் காட்டவில்லை. விளைவு, கதை சொன்னவர்களே தடுமாறினார்கள். முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கேட்பவரின் கவனம் போனதும் பேசுபவரின் திறமையும் போய்விட்டது. அதே குழுவினரின் பின்வந்த ஆய்வில், பேசுபவர் நிமிர்ந்து பார்க்கும் சிறு இடைவெளியில்தான் கேட்பவர் தலையசைப்பதும் 'ம்' கொட்டுவதும் பெரும்பாலும் நிகழ்கின்றன என்றும் கண்டார்கள். உங்கள் மாணவி விடையின் இறுதியில் நிமிர்ந்தபோது, எதிரில் ஒரு முகமாவது அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததா? தாளில் இரண்டு என்று எழுதிக்கொண்டிருந்த உச்சந்தலைகள் மட்டும் இருந்திருந்தால், கண் தொடர்பு அறுந்தது யாரால்?

இருவழி

சிறப்புக் கல்வியாளராக ஒரு கருத்தைச் சேர்க்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களும் பொறியியல் படிக்கிறார்கள், உங்கள் தேர்வறைக்கு வருகிறார்கள். பலருக்கு அப்படி ஒரு சான்றிதழே இருக்காது. கண்ணைப் பார்க்கும் முறையில் உள்ள வேறுபாடு ஆட்டிசத்தில் மிக முன்னதாகவே தொடங்குகிறது. வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பின்னாளில் ஆட்டிசம் உறுதி செய்யப்பட்ட குழந்தைகளும் இரண்டு மாத வயதில் மற்றக் குழந்தைகளைப் போலவே முகங்களில் கண்களைப் பார்த்தார்கள்; இரண்டுக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் அது குறையத் தொடங்கியது. இது வளர்ப்பினாலோ அடக்கத்தினாலோ வந்தது அல்ல.

எங்கள் துறையில் நெடுங்காலம் 'என்னைப் பார்' என்று சொல்லி, பார்த்தால் தின்பண்டம் கொடுத்துப் பழக்கும் முறை இருந்தது. இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிப் பழக்கப்பட்டு வளர்ந்தவர்கள் பலர் பெரியவர்களான பின் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கண்ணைப் பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன், ஆனால் அப்போது நீங்கள் சொல்வது காதில் ஏறாது, கேட்க வேண்டுமா பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டத்தை அறிந்த ஒரு கல்லூரி, கண்ணைப் பார்க்காததற்காக மதிப்பெண் குறைக்கும் வரியை அச்சிட்டு வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மேட்டுத்தெரு சொல்லும் பயிற்சி தேவைதான். விரும்புபவருக்கு மட்டும் கொடுங்கள், கட்டாயமாக்காதீர்கள்.

மேட்டுத்தெரு

இருவழி அம்மா சொல்வதை ஏற்கிறேன். கட்டாயமில்லாமல் கற்றுத்தரலாம். மறுசொல் குழுவினரைப் பற்றி எழுதியதும் சுருக்கென்றுதான் இருந்தது; எங்கள் அலுவலகத்தில் மடிக்கணினித் திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்பவர்கள் உண்டு.

இன்னொரு நடைமுறைச் செய்தி. முதல் சுற்றுத் தேர்வுகள் இப்போது பெரும்பாலும் காணொளியில்தான் நடக்கின்றன. அங்கே திரையில் தெரியும் முகத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு நாம் கீழே பார்ப்பதாகத் தெரியும். படக்கருவியைப் பார்த்தால் அவர் முகம் நமக்குத் தெரியாது. என்விடியா நிறுவனம் 2023இல் கண்மணியைத் திருத்திக் காட்டும் வசதியைக்கூடக் கொண்டுவந்துவிட்டது; அதைப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் தும்மும்போதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் வேண்டாம். பேசுபவரின் சாளரத்தைச் சிறிதாக்கிப் படக்கருவிக்கு நேர் கீழே நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பார்வை பக்கவாட்டில் விலகினால் பளிச்சென்று தெரிவதுபோல, சற்றே கீழே இறங்கினால் தெரிவதில்லை.

பொன்னிக்கரை

துறைத் தலைவரிடம் பேசினேன். 'ஐ காண்டாக்ட்' வரியை எடுத்துவிட்டு, அந்தப் பத்து மதிப்பெண்ணை 'கேள்வியைக் கவனித்துக் கேட்டு, புரியாததைத் திருப்பிக் கேட்டு, விடையைத் தெளிவாக முடித்தல்' என்ற வரிக்கு மாற்ற அவர் ஒப்புக்கொண்டார். பார்வை பற்றிய பயிற்சி ஒரு மாலை வகுப்பாக, விருப்பம் உள்ளவர்களுக்கு நடக்கும். மாதிரித் தேர்வு அறையில் மதிப்பெண் எழுதுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்று பிரித்து, கேட்பவர் கையில் தாளோ கைப்பேசியோ இல்லாமல் உட்கார வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது. மூத்த பேராசிரியர் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை; எழுதாமல் இருந்தால் மறந்துவிடும் என்கிறார்.

மேட்டுத்தெரு

அவரை எழுதுபவராக உட்காரவைத்துவிடுங்கள். புதிய தாள் அச்சானதும் ஒரு படியை இங்கே பதிவிட முடியுமா? எங்கள் நிறுவனத் தாளிலும் அதே பழைய வரிதான் இருக்கிறது. எடுத்துக்காட்டாகக் கையில் ஒன்று இருந்தால் மேலாளரிடம் பேச எனக்கு வசதியாக இருக்கும்.